விறகு மூட்டையில் வந்த போர் விமானம்

என்னுடைய முதல் மிக்-21 போர் விமானத்தை அம்மா வெந்நீர் அடுப்பில் எரித்துவிட்டாள்.

அவள்மேல் தப்பில்லை. மூக்கைச் சீவி, வால் பக்கத்தை இழைத்து, உப்புத்தாள் போட்டு வழவழவென்று ஆக்கி, வார்னிஷ் காயட்டும் என்று அடுப்புப் பக்கத்துச் சுவரில் சாத்தி வைத்துவிட்டுத் தூங்கப் போனவள் நான்தான். காலையில் எழுந்து வந்தால் சுவர் மட்டும் இருந்தது.

“அம்மா, இங்க ஒரு பாபின் இருந்துச்சே?”

“இங்க கெடக்கது எல்லாமே பாபின்தானட்டி. நீ எதக் கேக்க?”

“வழவழன்னு, ஒரு பக்கம் கூரா இருக்கும்.”

“அதுவா? நல்லா எரிஞ்சுச்சே! மத்ததெல்லாம் பொகஞ்சுக்கிட்டு கெடக்கு, அது மட்டும் நிண்ணு எரிஞ்சுச்சு.”

வார்னிஷ் ஆயிற்றே, எரியாமல் என்ன செய்யும். குளியலறைக்குள்ளிருந்து அப்பா, “என்ன அங்க சத்தம்?” என்றார்.

“ஒண்ணுமில்லங்க. ஒங்க மக செஞ்ச பிளேன ஊத்திக் குளிச்சிக்கிட்டு இருக்கீய, அவ்வளவுதான்” என்றாள் அம்மா.

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கொஞ்சம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது. எட்டரைக்கு அவர் ராஜபாளையம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மிக் எரிந்தாலும் மில் ஆட்களின் வருகை குறிக்கும் டைம் ஆபீஸை அவர் திறந்தாக வேண்டும்.

எங்கள் வீட்டில் விமானமும் விறகும் ஒரே மூட்டையில் வந்த கதையைச் சொல்கிறேன். அது தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையம் மில்களில் நூல் சுற்றும் மரப் பாபின்களைக் கழித்துவிட்டு ஒவ்வொன்றாக பிளாஸ்டிக்குக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். பாபின் என்றால் ஒரு சாண் நீளத்தில், கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமனாக, நடுவில் நெடுக ஓட்டை போட்ட உருண்டைக் கட்டை. மெஷினில் வரிசையாக நிற்கும் இரும்புக் கம்பிகளில், அதாவது ஸ்பிண்டில்களில், இந்தக் கட்டைகளைச் சொருகிவிட்டால் இவை சுற்றச் சுற்ற நூல் ஏறும். கழித்துவிட்ட பாபின்களை மில்லிலேயே மூட்டை மூட்டையாக விறகுக்குக் கொடுத்தார்கள். அப்பா இரண்டு மூட்டையைப் பஸ் மேலே போட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டு வந்தார். பல வருஷம் நூலும் எண்ணெயும் குடித்த மரம், ஒரு தீக்குச்சியில் பற்றிக்கொள்ளும். எங்கள் தெருவில் பாதி வீட்டு வெந்நீர் அந்த வருஷம் பாபினில்தான் சுட்டது.

விமானப் பைத்தியம் எனக்கு அதற்கு முன்பே பிடித்திருந்தது. எப்படிப் பிடித்தது என்று கேட்டால் ஒழுங்கான பதில் கிடையாது. எங்கள் வீட்டில் யாரும் விமானப்படையில் இல்லை. நான் நிஜ போர் விமானத்தைத் தொட்டதும் இல்லை, மேற்கே மலைக்கு மேல் எப்போதாவது ஒரு வெள்ளைக் கோடு போகும், அதன் நுனியில் ஒரு புள்ளி மின்னும், அதோடு சரி. ஆனால் நூலகத்தில் பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் மிக்-21இன் மூன்று பக்கப் படத்தைப் பார்த்தேன்: மேலிருந்து, பக்கத்திலிருந்து, முன்னாலிருந்து. ஒரு குழாய், இரண்டு முக்கோணம், ஒரு வால். இவ்வளவுதான் விமானமா என்று தோன்றியது. இவ்வளவுதான் என்றால் இதை ஏன் செய்யக் கூடாது என்றும் தோன்றியது. என் கை சும்மா இருக்காது. ரேடியோவைப் பிரித்துப் பார்த்துத் திரும்ப மாட்டியவள் என்பதால்தான் அப்பா என்னைப் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சேர்த்துவிட்டார்.

முதலில் நான் செய்தது பெட்டியில் வந்த கிட். பம்பாயில் இருக்கும் சித்தப்பா அனுப்பியது. பிளாஸ்டிக் சட்டத்தில் இறக்கையும் சக்கரமும் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டி எடுத்து, ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும். எளிது என்று சொல்பவர்கள் செய்து பார்த்ததில்லை. நான் அதற்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். பாலிடெக்னிக்கில் வருஷா வருஷம் நடக்கும் பொருட்காட்சியில், கைவேலைப் பிரிவில் அதைக் கொண்டுபோய் வைத்தேன். நடுவராக வந்தவர் சொந்தமாக ஒர்க் ஷாப் நடத்தும் ஒரு இன்ஜினியர். குனிந்து பார்த்தார். பின்னால் சாத்தி வைத்திருந்த பெட்டியையும் பார்த்தார்.

“நல்லா ஒட்டியிருக்கம்மா” என்றார். “ஆனா கடையில வாங்கி ஒட்டுறதுக்குக் கைவேலைன்னு பேரு இல்ல.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது. சொல்லிவிட்டுப் பக்கத்து மேசையில் இருந்த ஊதுபத்திக் குச்சிக் கோயிலைப் பார்க்கப் போய்விட்டார். அடுத்த வருஷம் இதே ஆள் இதே மேசைக்கு வந்து, “இது நீ செஞ்சதும்மா” என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் எனக்கு வேண்டும். பரிசு கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி.

அந்த எண்ணத்தோடுதான் ஒரு நாள் வெந்நீர் போட உட்கார்ந்திருந்தேன். கையில் ஒரு பாபின். அடுப்பில் தள்ளப் போகும்போது நுனி கண்ணில் பட்டது. அங்கே ஒரு பித்தளை வளையம், அதற்கு உள்ளே வட்டமான ஓட்டை. மிக்-21இன் மூக்கும் அப்படித்தான் இருக்கும். காற்று போகும் வட்டமான வாய், அதைச் சுற்றி பளபளக்கும் உலோக விளிம்பு. பின்பக்கம் திருப்பினேன். அங்கேயும் ஓட்டை. விமானத்தில் நெருப்பு வெளியே வரும் இடம். இழுத்த மூச்சை விடாமல் உள்ளே ஓடிப்போய் ஸ்கேலை எடுத்து வந்து நீளத்தை அளந்தேன், குறுக்களவை அளந்தேன், ஒன்றை ஒன்றால் வகுத்தேன். நூலகத்தில் நான் படியெடுத்து வைத்திருந்த படத்தில் உடம்பின் நீளத்தைக் குறுக்களவால் வகுத்தேன்.

இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று.

“அம்மா! பாபினும் மிக்கும் ஒரே கணக்கு!”

“தண்ணி சுட்டுச்சா இல்லையா, அதச் சொல்லு மொதல்ல.”

சுடவில்லை. அடுப்பே அணைந்து போயிருந்தது.

கணக்குப் போட்டால் நிஜ விமானத்தில் அறுபதில் ஒரு பங்கு. இந்த விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். பெட்டியில் வரும் கிட்டுகள் எழுபத்திரண்டில் ஒன்று, நாற்பத்தெட்டில் ஒன்று என்று வரும். அறுபது என்று நான் பார்த்ததே கிடையாது. எனக்கு என்ன? பாபின் சொன்ன அளவு அது. நான் அதை மாற்றப் போவதில்லை.

அப்படித் தொடங்கிய முதல் உடம்புதான் அப்பாவின் வெந்நீராகப் போனது. இரண்டாவதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

உடம்பு கிடைத்துவிட்டது. இறக்கை? மிக்கின் இறக்கை முக்கோணம். அதன் முன்விளிம்பு ஐம்பத்தேழு பாகை சாய்ந்திருக்கும் என்று அந்தப் பத்திரிகை சொன்னது. வகுப்பில் டிராயிங் பீரியடில் செட் ஸ்கொயரைப் பலகைமேல் நகர்த்திக்கொண்டிருக்கும்போது கை நின்றது. அறுபது பாகை. மூன்று பாகை அரத்தில் தேய்த்தால் இறக்கை! ஆனால் ஒரு ஜாமெட்ரி பாக்ஸில் அறுபது பாகை முக்கோணம் ஒன்றுதான் இருக்கும். விமானத்துக்கோ இரண்டு இறக்கை.

என் தோழி பக்கத்தில் டெக்ஸ்டைல் பிரிவில் படித்தாள். ராஜபாளையத்துக்காரி, வீட்டில் தெலுங்கு, வெளியே எங்களைவிடச் சுத்தமான தெற்கத்திப் பேச்சு. அவளிடம் போனேன்.

“ஒன் செட் ஸ்கொயரத் தாயேன்.”

“எதுக்கு?”

“எடது எறக்கைக்கு.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “எனக்கு நாளைக்கு டிராயிங் டெஸ்ட் இருக்குட்டி. ஒன் பிளேனு பறக்கதுக்கு நான் கோடு கோணலாப் போடவா?”

“பறக்காது. நிக்கும்.”

“பறக்காத பிளேனுக்கா இம்புட்டு பாடு!” என்றாள். கொடுத்துவிட்டாள். மறுநாள் டெஸ்டில் என்னத்தை வைத்துக் கோடு போட்டாளோ, நான் கேட்கவில்லை.

அவளுடைய பிரிவில் ஒரு துண்டு மெஷின் இருந்தது. மில்லில் ஓடும் நூற்பு மெஷினின் ஒரு முனையை மட்டும் அறுத்து எடுத்து, மாணவர்களுக்குக் காட்டுவதற்காக வைத்தது. எட்டு ஸ்பிண்டில், பக்கத்தில் கையால் சுற்றும் ஒரு சக்கரம். நான் போகும்போதெல்லாம் அதைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பாள். பொருட்காட்சியில் அதுதான் அவர்கள் பிரிவின் பெருமை. “ஒன் பிளேன விட எங்க மெஷின் நல்லாச் சுத்தும்” என்பாள்.

அடுத்தது தோல். எங்கள் நாட்டு மிக்குகள் அந்தக் காலத்தில் பெயின்ட் அடிக்காமல் வெறும் உலோகமாகவே பளபளக்கும். வெள்ளிப் பெயின்ட் அடித்துப் பார்த்தேன், தகர டப்பா மாதிரி இருந்தது. உலோகம் வேண்டுமென்றால் உலோகத்தைத்தான் ஒட்ட வேண்டும். சிகரெட் பாக்கெட்டுக்குள் இருக்கும் ஈயத்தாளைத் தண்ணீரில் ஊறப் போட்டு, பின்னால் ஒட்டியிருக்கும் காகிதத்தை உரித்துவிட்டால் கையில் நிற்பது பூப்போல மெல்லிய தகடு. கருவேலம் பிசினைத் தடவி மரத்தின்மேல் படிய வைத்து, தேய்த்துத் தேய்த்துப் படுக்க வைத்தால் அது மரம் என்று கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் அப்பா பீடிக்காரர்.

“அப்பா, நீங்க கொஞ்ச நாளைக்கு சிகரெட் குடிக்கலாம்ல?”

அம்மா அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். “இந்தாங்க, கேட்டீங்களா? எல்லா வீட்டுலயும் பிள்ளைக அப்பனக் குடிக்காதன்னு சொல்லும். இவ பிளேனுக்காக ஒசந்த சரக்குக்கு மாறச் சொல்லுதா!”

அப்பா மாறவில்லை. பதிலுக்கு மில்லில் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வரும் சிகரெட்டுக்காரர்களிடமெல்லாம் தாளை வாங்கிச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்தார். அந்த மாதம் அவர் சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் அம்மா பையை மோந்து பார்த்துவிட்டு, “பொறவு பிளேன் மேல பழி போடக் கூடாது” என்பாள்.

உடம்பு முழுக்க ஒரே பளபளப்பு இருந்தால் பொம்மை போலத் தெரியும். நிஜ விமானத்தில் தகட்டுக்குத் தகடு மினுக்கம் மாறும், பின்பக்கம் சூட்டில் மங்கிக் கறுத்திருக்கும். சில துண்டுகளைக் குறுக்காகத் திருப்பி ஒட்டினேன். பின்பக்கத்துத் துண்டுகளை முட்டை அவியும் தண்ணீரில் போட்டு எடுத்தேன், மங்கி வந்தன. அதைப் பார்த்து அம்மா, “முட்டைக்கு என்ன ஜரிகையா கட்டுத?” என்று கேட்டாள். தகடுகளை இணைக்கும் ஆணி வரிசைகளுக்கு, ஓடாத கடிகாரத்தில் ஒரு சின்னப் பல்சக்கரத்தைக் கழற்றி, பேனா மூடியில் பொருத்தி, ஈயத்தாளின்மேல் உருட்டினேன். முதல் வரிசை விழுந்ததும் நான் எழுந்து நின்று கை தட்டினேன். அறையில் வேறு யாரும் இல்லை. யாரும் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவ்வளவு அழகாக இருந்தது.

மற்றதெல்லாம் வீட்டில் கிடந்ததுதான். சக்கரம் சட்டைப் பொத்தான், டயர் சைக்கிள் வால்வு டியூப், கால்கள் என் கொண்டை ஊசி. மூக்குக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக்கு டாக்டர் ஊசி, விமானியின் இருக்கைப் பட்டைக்கு பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்த பேண்டேஜ் துணியின் ஓரம். விமானப்படை அடையாளமான காவி, வெள்ளை, பச்சை வட்டங்களை டிராயிங் காம்பஸின் மை முள்ளில் பெயின்ட் தொட்டுச் சுற்றினேன். மூச்சு விட்டால் கோடு நடுங்கும். நான் மூச்சே விடவில்லை.

விமானிக்கு மேலே இருக்கும் கண்ணாடிக் கூண்டுதான் என்னை அழ வைத்தது. சட்டை வரும் பெட்டியின் ஒளி ஊடுருவும் மூடியை வெட்டி, அடுப்பில் காட்டி இளக வைத்து, மரத்தில் செதுக்கிய அச்சின்மேல் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். கொஞ்சம் முந்தினால் சுருங்கும். கொஞ்சம் பிந்தினால் ஓட்டை விழும். சரியாக வந்தால் அச்சில் ஒட்டிக்கொண்டு கிழியும். சட்டைப் பெட்டிகள் தீர்ந்துகொண்டே வந்தன. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, பணியாரச் சட்டிக்கு எண்ணெ தடவாமலா மாவ ஊத்துவ?”

நான் அவளைப் பார்த்தேன். அச்சின்மேல் தேங்காயெண்ணெய் தடவினேன். அவள் இடுக்கியால் பிளாஸ்டிக்கை நெருப்பின்மேல் பிடித்தாள், நான் அழுத்தினேன். கழற்றினால் கையில் ஒரு கண்ணீர்த் துளி போலக் கூண்டு, ஒரு சுருக்கம் கிடையாது.

“வெந்துருச்சா?” என்றாள் அம்மா.

“வெந்துருச்சும்மா!”

கடைசியாக மூக்குக்குள் இருக்கும் கூம்பு. மிக்கின் வாய்க்கு நடுவில் ஒரு கூம்பு நீட்டிக்கொண்டிருக்கும். பேனா மூடியின் நுனியை வெட்டி, பச்சை அடித்து, ஒரு குறுக்கு ஊசியில் குத்தி, பித்தளை வளையத்துக்குள் உட்கார வைத்தேன். இரண்டு பக்கத்து ஓட்டைக்குள்ளும் மரம் தெரியாதபடி கறுப்புப் பெயின்ட். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். பாபின் எங்கேயும் இல்லை. செட் ஸ்கொயர் இல்லை, கொண்டை ஊசி இல்லை. ஓடுபாதையில் நிற்கும் ஒரு மிக்-21தான் இருந்தது. எனக்கு நெஞ்சு இரண்டு மடங்கு ஆயிற்று.

பொருட்காட்சி அன்று விமானத்தை ஒரு பால்கோவா அட்டைப் பெட்டியில் பஞ்சு வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கூட்டத்தில் யாரோ, “பால்கோவாவ இம்புட்டுப் பதனமாவா கொண்டு போவாவ” என்றார்கள். நான் பெட்டியை மடியோடு அணைத்துக்கொண்டேன். மேசையில் வைத்து, அட்டையில் “மிக்-21, அறுபதில் ஒரு பங்கு, சொந்தமாகச் செய்தது” என்று எழுதி வைத்தேன். எதிரே தோழி தன் துண்டு மெஷினோடு நின்றாள்.

நடுவர் வந்தார். அதே ஆள். என் மேசையில் நின்றவர் நகரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஆணி வரிசைகளைப் பார்த்தார், வட்டத்தைப் பார்த்தார், கூண்டுக்குள் இருக்கைப் பட்டையைப் பார்த்தார். சொல்லப் போகிறார், இதோ சொல்லப் போகிறார்.

“எந்த ஊர்க் கிட்டும்மா இது?”

“சார்?”

“ரொம்ப உசத்தியான கிட்டா இருக்கே. வெளிநாடுதானே?”

“நான் செஞ்சது சார்.”

“ஒட்டினது நீதான், தெரியுது. போன வருஷமும் நல்லாத்தானே ஒட்டியிருந்த.” சிரித்தார். “இந்தத் தடவை பெட்டிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டியாக்கும்.”

சுற்றி நின்ற பையன்கள் சிரித்தார்கள். நான் விடவில்லை. “சார், இது மரம் சார். மில் பாபின்.”

அவர் விரல் நகத்தால் இறக்கையைத் தட்டினார். டிக் டிக் என்றது. பிளாஸ்டிக். செட் ஸ்கொயர் வேறு எப்படிச் சத்தம் போடும்? உடம்பைத் தொட்டார், ஜில்லென்ற உலோகம். ஓட்டைக்குள் பார்த்தார், கறுப்பு. நான் எதை எல்லாம் மறைத்தேனோ அதெல்லாம் மறைந்தே இருந்தது. ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒரு தடயம் விடாமல் துடைத்தவள் நான். இப்போது எனக்கு எதிராகச் சாட்சி சொல்வது என் கை சுத்தம்.

“பாபினா?” என்றார். “நான் மில்லுக்கு ஸ்பேர் பார்ட் செய்யுறவம்மா. பாபினை எனக்குத் தெரியாதா?”

தோழி என் காதருகே வந்தாள். “ஏட்டி, பிளேடு எடுத்து வயித்துப் பக்கம் செத்த சொரண்டிரு. மரம் தெரிஞ்சிரும்.”

பிளேடு என் பையில்தான் இருந்தது. எடுத்தேன். வயிற்றுப் பக்கம் திருப்பினேன். ஈயத்தாளில் நான் உருட்டிய ஆணிப் புள்ளிகள் வரிசையாக நின்றன. கை ஓடவில்லை. சுரண்டினால் ஒப்புக்கொள்வார். ஆனால் அது நான் செய்த விமானமாக இருக்காது, நான் கெடுத்த விமானமாக இருக்கும். நடுவர் அடுத்த மேசையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

நிமிர்ந்தேன். எதிரே துண்டு மெஷின். எண்ணெய் மினுங்க எட்டு ஸ்பிண்டில். ஏழில் பாபின் இருந்தது. பார்க்கிறவர்களுக்குக் கம்பி எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காகத் தோழி ஒன்றை மட்டும் வெறுமனே விட்டிருந்தாள்.

“சார்!” கொஞ்சம் கத்திவிட்டேன் போலிருக்கிறது, எல்லோரும் திரும்பினார்கள். “வெளிநாட்டுக் கிட்டு நம்ம ஊரு ஸ்பிண்டில்ல உக்காருமா சார்?”

அவர் நின்றார்.

விமானத்தை எடுத்துக்கொண்டு போனேன். என்ன செய்யப் போகிறேன் என்று தோழிக்குத்தான் முதலில் புரிந்தது. “அய்யய்யோ, எறக்க பிச்சுக்கிரும்டி” என்றவள், வாய் அப்படிச் சொன்னாலும் பக்கத்தில் இருந்த இரண்டு பாபின்களையும் கழற்றி இறக்கைக்கு இடம் விட்டாள்.

மூக்கு மேலே, வால் கீழே. பின்பக்கத்து ஓட்டையை வெறும் ஸ்பிண்டிலின் நுனியில் வைத்தேன். கம்பி உள்ளே போக ஆரம்பித்தது. கால் பாகம். பாதி. எனக்குத் தெரியும், மேலே கூம்பு இருக்கிறது. ஸ்பிண்டில் எதுவரை வரும் என்று நான் அளந்து பார்த்ததில்லை. இந்த விமானம் திரும்ப ஒரு மெஷினில் ஏறும் என்று யார் நினைத்தார்கள்? கையை எடுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். எடுக்கவில்லை. அழுத்தினேன்.

டக்.

உட்கார்ந்தது. பாபினும் ஸ்பிண்டிலும் சேரும் அந்தச் சத்தம் ராஜபாளையத்தில் மில் வாசல் மிதித்த யாருக்கும் தெரியும். அதே நொடியில் மூக்கிலிருந்து பச்சைக் கூம்பு எகிறித் தரையில் விழுந்து ஓடியது. ஒரு பையன் அதைத் துரத்திக்கொண்டு போனான்.

“சுத்து” என்றேன் தோழியிடம். “மெதுவா.”

அவள் சக்கரத்தைத் திருப்பினாள். மற்ற பாபின்களோடு சேர்ந்து என் மிக்கும் சுற்ற ஆரம்பித்தது, வானத்தைப் பார்த்து நின்றபடி. இறக்கைகள் கலங்கி ஒரு தட்டாகத் தெரிந்தன. காவி, வெள்ளை, பச்சை வட்டங்கள் நீண்டு இடுப்பைச் சுற்றி மூன்று கோடாக ஓடின. கொஞ்சம்கூட ஆடவில்லை. நடுவில் வைத்துச் சீவியிருந்தால்தான் அப்படி ஆடாமல் சுற்றும். நான் நடுவில் வைத்துத்தான் சீவியிருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. கொண்டை ஊசிக் கால்கள் கழலாமல் நின்றன, செட் ஸ்கொயர் இறக்கைகளும் நின்றன.

“போதும், போதும், நிறுத்தும்மா” என்றார் நடுவர். அவர் குரலில் பதற்றம் இருந்தது. கெட்டுப்போய்விடுமோ என்ற பதற்றம். அதைக் கேட்டபோதே நான் பாதி ஜெயித்துவிட்டேன் என்று தெரிந்தது.

அவரே கழற்றினார். இரண்டு கையாலும். கூம்பு இல்லாத மூக்கு வழியாக ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். நான் கறுப்பு அடிக்காத நடுப்பகுதியில், ஸ்பிண்டில் தேய்த்துத் தேய்த்து மெருகேறிய மரம், மறுபக்கத்து வெளிச்சத்தில் பழுப்பாகத் தெரிந்திருக்கும். நெடு நேரம் கண்ணை எடுக்கவில்லை.

“பித்தளை வளையத்தை அப்படியே விட்டிருக்க” என்றார், தனக்குத்தானே.

“மிக்குக்கும் அங்க வளையம் உண்டு சார்.”

“எறக்கை?”

“செட் ஸ்கொயர் சார். மூணு பாகை அரம் போட்டேன்.”

“என்னோட செட் ஸ்கொயரு சார்” என்றாள் தோழி. “எடது எறக்க.”

அவர் அப்போதுதான் சிரித்தார், வாய்விட்டு. “அறுபதில ஒரு பங்குன்னு போட்டிருக்கியேன்னு நெனச்சேன். அப்படி ஒரு அளவு கிடையாதே, பிள்ளை தப்பா எழுதிருச்சுன்னு நெனச்சேன்.”

“பாபினோட அளவு சார் அது.”

விமானத்தை என் கையில் கொடுத்தார். சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார், நான் ஒரு வருஷமாகக் காத்திருந்ததை, நான் நினைத்திருந்ததைவிடக் கொஞ்சம் நீளமாகவே:

“இது நீ செஞ்சதும்மா. முழுக்க நீ செஞ்சது. நான்தான் சரியாப் பாக்கல.”

கைவேலைப் பிரிவில் முதல் பரிசும் கொடுத்தார்கள். எவர்சில்வர் டம்ளர் ஒன்று. அதைப் பற்றி எனக்கு அதிகம் ஞாபகமில்லை. ஞாபகம் இருப்பது அந்த மத்தியானம் முழுக்க வந்த கூட்டம். “பிளேனு சுத்துமாமே, எங்க?” என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். “சுத்தாது, இது கண்காட்சி மாடல்” என்று நான் சொல்லச் சொல்ல, “காலையில சுத்துச்சாம்லா” என்று எதிரே போய்த் தோழியிடம் கேட்டார்கள். அவள் என்னைக் கேட்காமல் ஒரு வெறும் பாபினைச் சுற்றிக் காட்டி, “இதுதான் அதோட தம்பி” என்று சொல்லி அனுப்பினாள். கூம்பைத் துரத்திப் போன பையன் மறக்காமல் கொண்டு வந்து கொடுத்துவிட்டான். மறுபடி ஒட்டினேன். முன்பைவிட ஒரு மயிரிழை சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. மற்றவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதை நேராக்க எனக்கு மனமில்லை.

மறுநாள் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். அப்பா மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, மில் ஆள் யாராவது வந்தால், “ஈயத்தாளு நான் கொண்டாந்தது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ஒரு பெண்மணியிடம், “இதுக்கு முந்தி ஒண்ணு செஞ்சா. அது இத விட நல்லா இருந்துச்சு” என்றாள்.

“அது எங்க?” என்று கேட்டாள் அந்தப் பெண்மணி.

“அதான் நல்லா எரிஞ்சுச்சே” என்றாள் அம்மா, கொஞ்சமும் கூசாமல்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் வெந்நீர் போடுவது மெதுவாகிவிட்டது. அம்மா மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பாபினை எடுப்பாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டைக்குள் பார்ப்பாள், பித்தளை வளையத்தை முந்தானையால் துடைப்பாள், தரையில் உருட்டிக் கோணல் இருக்கிறதா என்று பார்ப்பாள். கோணலானது அடுப்புக்கு. நேரானது சுவரோரம் தனி வரிசைக்கு. குளியலறையிலிருந்து அப்பா, “தண்ணி என்னாச்சு, பஸ்ஸுக்கு நேரமாச்சுல்லா?” என்று குரல் கொடுப்பார்.

“செத்த நேரம் பொறுங்க” என்பாள் அம்மா, கையில் இருப்பதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபடி. “இது பிளேனா வெறகான்னு பாத்துச் சொல்லுதேன்.”